டார்ச் அடித்து வேட்டை: சட்டம் எதைப் பிடிக்கிறது?

கேள்வி இதுதான்: "ஒட்டன்சத்திரம் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கிறோம். கதிர் பால் பிடித்த நாளிலிருந்து ராத்திரி தவறாமல் பன்றி இறங்குகிறது. பெரியப்பா பெயரில் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது. நெற்றி லைட்டைக் கட்டிக்கொண்டு போய் ஒன்றிரண்டைச் சுட்டால் தப்பா? அமெரிக்காவில் லைட் அடித்தும் ஹெலிகாப்டரில் இருந்தும் சுடுகிறார்களே! லைட் அடிப்பதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறதா?"

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: சுடக் கூடாது. பட்டா உங்களுடையது, துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு, நஷ்டம் உண்மை, எல்லாம் சரி. ஆனாலும் கூடாது. ராத்திரி லைட் அடித்துச் சுட்டாலும் பட்டப்பகலில் சுட்டாலும் குற்றம் ஒன்றுதான். லைட்டுக்கென்று தனியாக ஒரு விதி இருந்தது. 1991ல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததைக் காட்டி "இப்போது லைட்டுக்குத் தடை இல்லையாம்" என்று பேசுகிறவர்கள் உண்டு. நடந்தது நேர் எதிர். அதைப் புரிந்துகொள்ள அந்த விதி முதலில் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும்.

மான், மாடு, ஆடு, நாய், பூனை, சிறுத்தை இவற்றின் கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஓர் அடுக்கு இருக்கிறது. உள்ளே போகும் ஒளி விழித்திரையில் ஒரு தடவை பட்டு, அந்த அடுக்கில் மோதித் திரும்பி இன்னொரு தடவை படும். நிலவில்லாத இரவிலும் அவை நடமாடுவதற்கு அது ஒரு காரணம். நாம் டார்ச் அடித்தால் அந்த ஒளிதான் பச்சையாகவோ மஞ்சளாகவோ திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. புதருக்குள் உடம்பு முழுக்க மறைந்திருந்தாலும் இரண்டு கண் மட்டும் எரியும். விலங்கின் பக்கம் இருந்து பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். இருட்டுக்குப் பழகிய விழித்திரை மேல் திடீரென்று பலமான வெளிச்சம் விழுந்ததும் சற்று நேரம் அதற்கு எதுவுமே தெரியாது. வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்பது மனிதனா மரமா என்று புரியாது. நமக்கே வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் போல ஆகும். பகலில் நூறு கஜத்தில் காலடிச் சத்தம் கேட்டே பாய்ந்து மறையும் மான், ராத்திரி வெளிச்சத்தில் மரம் மாதிரி நின்றுவிடுவது இதனால்தான். முயல் கதை கொஞ்சம் வேறு. ஆபத்து என்றால் நிறத்தை நம்பித் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்வது அதன் குணம். பகலில் காப்பாற்றும் அந்தக் குணமே ராத்திரி டார்ச் வட்டத்துக்குள் அதைக் கொல்கிறது. துப்பாக்கிகூட வேண்டாம், ஒரு தடி போதும்.

ஆக, லைட் என்பது வேட்டைக்கு ஒரு துணைக்கருவி இல்லை. வேட்டையில் பாதி வேலையை அதுவே முடித்துவிடுகிறது. இதை முதலில் கண்டு முகம் சுளித்தவர்கள் வேட்டைக்காரர்களேதான். வெள்ளைக்காரன் காலத்திலேயே நீலகிரிக்கென்று 1879ல் வேட்டை விலங்குகள், மீன் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தக் காலத்துச் சட்டங்களின் அக்கறை விலங்கின் உயிர் மேல் அல்ல. அடுத்த பருவத்துக்கும் வேட்டையாட ஏதாவது மிஞ்ச வேண்டும், சுடுவது 'ஆட்டம்' மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான். ஓடவும் ஒளியவும் வாய்ப்புள்ள விலங்கைச் சுட்டால் வீரம், கண் கூசி நிற்பதைச் சுட்டால் கசாப்பு. போலியான மரியாதைதான். ஆனால் அந்த மரியாதைக்குள் ஓர் உண்மைக் கணக்கும் இருந்தது: லைட்டும் வண்டியும் சேர்ந்தால் ஒரே ராத்திரியில் ஒரு மந்தையையே காலி செய்யலாம்.

இந்தியாவில் அதற்கு மிகக் கசப்பான உதாரணம் சிவிங்கிப்புலி. இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கோரியா சமஸ்தானத்தின் ராஜா ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் 1947ல் ஒரு ராத்திரி காட்டு வழியே வண்டியில் போகும்போது 3 சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். மூன்றும் ஆண். இந்தியாவில் சுடப்பட்டதாகப் பதிவான கடைசிச் சிவிங்கிப்புலிகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை அவைதான். ராஜாவின் அந்தரங்கச் செயலர் பெருமையோடு அந்தச் செய்தியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர்கள் அதைப் பிரசுரித்தார்கள், ஆனால் கீழே ஒரு குறிப்பு சேர்த்து. படித்ததும் குப்பைக் கூடையில் போடத்தான் தோன்றியது, குற்றச்சாட்டாக இருக்கட்டும் என்றுதான் வெளியிடுகிறோம் என்று எழுதினார்கள். அதோடு விடவில்லை. ராத்திரியில் காட்டுக்குள் வண்டி ஓட்டிப் பலமான விளக்கு வெளிச்சத்தில் சுட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது, இது எழுதப்பட்ட சட்டத்துக்கே விரோதம், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் கடுமையாக நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். 1952ல் சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனதாக அரசே அறிவித்தது. அந்த ராத்திரிக்காக யாருமே பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விதி இருந்தது. அமல்படுத்த ஆள் இல்லை, அமல்படுத்த வேண்டிய ஆளே சுட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறவில்லை, கெட்டது. போர் முடிந்து ராணுவம் கழித்த ஜீப்புகள் மலிவாக வந்தன. ஜீப்பின் மேல் ஒரு சுழல் விளக்கு, பின்னால் இரண்டு துப்பாக்கி. வெளிமான் திரியும் சமவெளிகளில் இதைவிடச் சுலபமான வேட்டை கிடையாது.

1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வேட்டைக்கு முழுத் தடை இல்லை. லைசென்ஸ் வாங்கி வேட்டையாடலாம், ஆனால் எப்படியெல்லாம் கூடாது என்று 17வது பிரிவு அடுக்கியது. வண்டியிலிருந்து சுடக் கூடாது. வண்டியை விட்டு விலங்குகளை விரட்டக் கூடாது. விஷம், வெடி, கண்ணி, குழி கூடாது. செடிகொடிக்குத் தீ வைத்து வெளியே கொண்டுவரக் கூடாது. உப்புக்குழி, தண்ணீர் குடிக்கும் இடம், அதற்குப் போகும் தடம் இங்கெல்லாம் காத்திருந்து சுடக் கூடாது. அந்த வரிசையில்தான் இரண்டு தனித்தனி வாசகங்கள் இருந்தன: செயற்கை வெளிச்சத்தைப் பயன்படுத்தி வேட்டையாடக் கூடாது, சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும் வரை வேட்டையாடக் கூடாது. இரண்டுக்கும் ஒரே ஒரு விலக்கு. ஊனுண்ணி விலங்கு தான் அடித்துப் போட்ட இரைக்குத் திரும்பி வரும்போது, பரண் கட்டிக் காத்திருந்து சுட லைசென்ஸிலேயே தனியாக அனுமதி எழுதி வாங்கியிருந்தால் மட்டும் லைட்டும் உண்டு, ராத்திரியும் உண்டு. ஆள் தின்னும் புலியையும் கால்நடை அடிக்கும் சிறுத்தையையும் மனத்தில் வைத்து எழுதியது. அது இருட்டியபின்தான் இரைக்குத் திரும்பும். வெளிச்சம் இல்லாமல் சுட்டால் காயப்படுத்திவிட்டு விட வேண்டிவரும், காயம்பட்ட சிறுத்தை முன்னைவிட ஆபத்து.

பிறகு 1991 திருத்தம். லைசென்ஸ் வேட்டை என்ற ஏற்பாட்டையே ஒழித்தார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 2 முதல் அமல். வேட்டையே கூடாது என்றான பிறகு 'எப்படி வேட்டையாடக் கூடாது' என்ற பட்டியலுக்கு வேலை இல்லை. அதனால் 17வது பிரிவு போனது. தடை விலகவில்லை, பெரிய தடைக்குள் கரைந்துவிட்டது.

ஆனால் இதில் ஓர் இழப்பும் இருக்கிறது என்பது என் கருத்து. பழைய விதி இருந்தவரை, துப்பாக்கியோடு ராத்திரி லைட் அடித்துக் காட்டோரம் திரிகிறவனைப் பார்த்தால் கேள்வி எளிது. இன்றைக்கு அவனிடம் கறி இல்லை, தோல் இல்லை, செத்த விலங்கு இல்லை என்றால் வனத்துறை 'வேட்டையாட முயன்றான்' என்பதை நிறுவ வேண்டும். சட்டம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. வேட்டை என்பதன் வரையறையிலேயே கொல்வது, பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது எல்லாம் வரும், ஒவ்வொன்றுக்கும் 'முயற்சி' என்பதும் சேர்ந்தே வரும். சுட்டது தவறிப்போனாலும் வேட்டைதான். சுடவே இல்லை என்றாலும் முயற்சி நிரூபணமானால் வேட்டைதான். அந்த நிரூபணத்தில்தான் லைட் உள்ளே வருகிறது.

ஒரு மகஜரை, அதாவது கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை, நினைத்துப் பாருங்கள். நாட்டுத் துப்பாக்கி 1, கருமருந்து ஒரு டப்பா, ஈயக் குண்டு ஒரு பொட்டலம், பேட்டரி பெட்டியோடு நெற்றி விளக்கு 2, வெட்டரிவாள் 1, காலிச் சாக்கு 1, இருசக்கர வாகனம் 1. இதில் எதுவும் தனியாக விலங்கைக் காட்டாது. நெற்றி விளக்கு குற்றப் பொருளே இல்லை. நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கிற பெண்கள் அதே விளக்கைத்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள், கன்னியாகுமரியில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் அப்படித்தான். ராத்திரி மோட்டார் போடப் போகிற விவசாயி கையிலும் அதுதான். ஆனால் காப்புக்காட்டு எல்லையில், ராத்திரி 1 மணிக்கு, மருந்து கெட்டித்த துப்பாக்கியோடும் சாக்கோடும் சேர்ந்து இருக்கும்போது அதே விளக்கு சாட்சி ஆகிறது. எதற்கு வந்தாய் என்பதற்கு வேறு பதில் சொல்ல முடியாமல் செய்வது அதுதான். நீதிமன்றம் பார்ப்பதும் இந்தச் சேர்க்கையைத்தான்.

கைப்பற்றிய வண்டி, ஆயுதம், கருவி பற்றி 39வது பிரிவு சொல்கிறது: குற்றத்துக்குப் பயன்பட்டவை அரசின் சொத்து. "வண்டியைப் பிடித்தால் போனதுதான்" என்று ஊரில் சொல்வது முழு உண்மை அல்ல. 2008ல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், கைப்பற்றிய மாத்திரத்தில் வண்டி அரசுடையது ஆகிவிடாது, வழக்கு நடக்கும்போது இடைக்காலமாக விடுவிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு என்று சொல்லிவிட்டது. குற்றம் நிரூபணமானால் போனதுதான். சாக்கில் கறி இருந்தாலோ கதை வேறு. இறைச்சியோ தோலோ கையில் இருந்தால் அது சட்டவிரோதமாக வைத்திருந்தது என்றே முதலில் கொள்ளப்படும், இல்லை என்று காட்டும் பொறுப்பு வைத்திருந்தவர் தலையில். ஊரில் அந்தக் கறியைக் காசு கொடுத்து வாங்குகிறவரும் இதில் சிக்குவார்.

தண்டனை விலங்கையும் இடத்தையும் பொறுத்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றியும் முயலும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2வது அட்டவணையில் இருக்கின்றன. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முயல் வழக்குகளில் பெரும்பாலும் இணக்கக் கட்டணம் (வழக்கை நீதிமன்றத்துக்குப் போகாமல் முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை) கட்டிவிட்டு வீட்டுக்குப் போவதைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அந்த வழி இங்கே திறந்திருப்பதால்தான். அதே லைட் வெளிச்சத்தில் முயல் என்று நினைத்துச் சருகுமானை அடித்தாலோ, மயிலை அடித்தாலோ 1வது அட்டவணை: குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், இணக்கக் கட்டணத்துக்கு இடமே இல்லை. சரணாலயத்துக்குள் என்றால் பன்றிக்கும் இதே கணக்கு. உங்கள் பக்கத்தில் இது வெறும் பேச்சு அல்ல. கொடைக்கானல் மலைக்காடுகள் 2013லிருந்து வன உயிரினச் சரணாலயம். காயம்பட்ட பன்றியைத் துரத்திக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டினால், 3 ஆண்டு வரை என்றிருந்தது 3 ஆண்டிலிருந்து தொடங்கும் என்று மாறிவிடும். சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே தனிக் குற்றம்.

இப்போது உங்கள் பெரியப்பாவின் லைசென்ஸ். ஆயுதச் சட்டம் 1959, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தருவதற்கு இடம் வைத்திருக்கிறது. பலர் அதைப் பன்றி சுடும் அனுமதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது துப்பாக்கியை வைத்திருக்க அனுமதி, அவ்வளவே. வெடிச் சத்தம் போட்டு விரட்டலாம். விலங்கைக் கொல்லும் அனுமதி வேறு சட்டத்தில், வேறு அதிகாரியிடம் இருக்கிறது. இன்னொன்று: லைசென்ஸ் பெரியப்பா பெயரில் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் போவது ஆயுதச் சட்டத்தில் இன்னொரு வழக்கு.

பன்றி விஷயத்தில் லைட் பற்றி ஓர் அபாயம் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை. மேலே சொன்ன கண்ணாடி அடுக்கு பன்றிக்குக் கிடையாது. மான் கண் மாதிரி அது எரியாது. கிட்டத்தில், சரியான கோணத்தில் பட்டால் மங்கலாகச் சிவந்து தெரியலாம், அவ்வளவுதான். ஆள் உயரத்துக்கு வளர்ந்த சோளத்துக்குள் நெற்றி லைட் அடித்தால் தெரிவது அசையும் தட்டையும் ஒரு கறுப்பு உருவமும். பளிச்சென்று எரியும் கண் ஏதாவது தெரிந்தால் அது பக்கத்து வீட்டுக்காரர் நாயாகவோ, அவிழ்த்துக்கொண்டு வந்த கன்றுக்குட்டியாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மனிதக் கண்ணிலும் அந்த அடுக்கு இல்லை. அடுத்த வரப்பில் குனிந்து உட்கார்ந்திருக்கும் காவலாளியும் பன்றியும் உங்கள் லைட்டுக்கு ஒன்றுதான். பன்றி என்று நினைத்துக் கூட வந்தவனையே சுட்ட செய்திகள் அடிக்கடி வருவதற்கு இதுவே காரணம். அங்கே வன வழக்கோடு கொலை வழக்கும் சேர்கிறது.

சரி, வெளிநாடு. அங்கே லைட் அடித்துச் சுட விடுகிறார்கள் என்பது பாதிக் கதை. டெக்சாஸில் நீங்கள் பார்க்கிற வீடியோக்களில் இருப்பது காட்டுப்பன்றியே இல்லை, ஐரோப்பியர் கொண்டுபோன பன்றி காட்டில் பெருகியது. அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத விலங்கு என்பதால் அதற்கு வேட்டைப் பருவமும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. நில உரிமையாளர் அனுமதி இருந்தால் ராத்திரியில் லைட் வைத்துச் சுடலாம். 2011ல் ஹெலிகாப்டருக்கும் சட்டம் போட்டார்கள். ஆனால் அதே டெக்சாஸில் வெள்ளைவால் மானை, சூரியன் மறைந்து அரை மணி கழிந்தபின் சுட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இங்கே பன்றி இந்த மண்ணின் விலங்கு. புலிக்கும் செந்நாய்க்கும் இரை. ஒப்பீடே பொருந்தாது.

எனக்கு அமெரிக்கச் சட்டங்களில் பிடித்தது வேறொரு விஷயம். சில மாநிலங்களில் லைட்டும் ஆயுதமும் சேர்ந்திருப்பதையே குற்றமாக்கியிருக்கிறார்கள், விலங்கு சாக வேண்டியதில்லை. பென்சில்வேனியாவில் குடும்பத்தோடு காரில் போய் வயலில் மேயும் மானை லைட் அடித்துப் பார்ப்பது ஒரு பொழுதுபோக்கு, சட்டப்படி சரி. ராத்திரி 11 மணியோடு நிறுத்திவிட வேண்டும். வண்டியில் துப்பாக்கி இருக்கக் கூடாது. மான் வேட்டையின் துப்பாக்கிப் பருவத்தில் லைட்டே கூடாது. மிச்சிகனில் நவம்பர் மாதம் முழுக்கத் தடை, மற்ற மாதங்களில் ராத்திரி 11 முதல் காலை 6 வரை தடை. காரணம் நடைமுறை: இருட்டில் ஆளில்லாத சாலையில் குண்டு பாய்ந்ததை யார் பார்த்துச் சாட்சி சொல்வது? லைட் தூரத்திலிருந்தே தெரியும், துப்பாக்கி வண்டியிலேயே கிடைக்கும். நிரூபிக்க முடிகிற இரண்டை வைத்துச் சட்டம் எழுதிவிட்டார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், சாலையோரம் பொம்மை மானை நிறுத்தி, கண்ணில் ஒளி திருப்பும் வில்லை ஒட்டி, புதரில் காத்திருப்பார்கள் அங்குள்ள வேட்டைத் தடுப்பு அதிகாரிகள். லைட் அடித்துப் பொம்மையைச் சுட்டவர் மேல் வழக்கு. 1991ல் நாம் கழற்றி வைத்த வாசகத்தை, 'காப்புக்காட்டிலிருந்து இத்தனை தூரத்துக்குள் ராத்திரியில் ஆயுதமும் லைட்டும் சேர்ந்து இருப்பதே குற்றம்' என்று திருத்தி மறுபடி சேர்த்தால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றைய சட்டத்தில் அப்படி இல்லை.

ஐரோப்பாவில் 1979 பெர்ன் ஒப்பந்தமே செயற்கை வெளிச்சம், கண்ணாடி, கண் கூசச் செய்யும் சாதனம், இருட்டில் குறிபார்க்கும் மின்னணுக் கருவி இவற்றைத் தடைசெய்த முறைகளில் வைத்திருக்கிறது. பிரிட்டனில் நரிக்கும் முயலுக்கும் லைட் அடித்துச் சுடுவது நடைமுறையில் உண்டு, மானை மட்டும் ராத்திரியில் தொடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் கங்காரு இறைச்சித் தொழிலே ராத்திரி ஸ்பாட்லைட்டில்தான் நடக்கிறது: விலங்கு அசையாமல் நின்றால்தான் தலையில் ஒரே குண்டில் முடிக்கலாம், துடிக்க விடாமல் இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். ஒரே லைட்டை ஒரு நாடு அநியாயம் என்கிறது, இன்னொரு நாடு கருணை என்கிறது. எதை, யார், எத்தனை சுடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

நம் ஊரில் சட்டப்படி பன்றியைச் சுடவே வழியில்லையா? இருக்கிறது, உங்கள் கையில் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11வது பிரிவு, உயிருக்கோ சொத்துக்கோ, நிற்கிற பயிர் உட்பட, ஆபத்தாகிவிட்ட 2வது அட்டவணை விலங்கைக் கொல்ல, காரணம் எழுதி எழுத்துமூலம் உத்தரவிட முதன்மை வன உயிரினக் காப்பாளருக்கோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலருக்கோ இடம் தருகிறது. கேரளம் 2022ல் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்கள் வரைக்கும் இறக்கி, துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர்களை அவர்கள் ஏவலாம் என்று செய்தது. தமிழ்நாடு அந்த வழியில் போகவில்லை. 2025 ஜனவரியில் நம் அரசு சொன்னது தூரக் கணக்கு. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து திரிபவற்றைச் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். தற்காப்புக்கு ஒரு விலக்கு எப்போதும் உண்டு: உங்கள் மேலோ இன்னொருவர் மேலோ பாயும் விலங்கை நல்லெண்ணத்தில் கொன்றால் குற்றமில்லை. துப்பாக்கியும் லைட்டுமாக அதைத் தேடிப் போனவருக்கு இந்த விலக்கு கிடைக்காது. அந்த நேரத்தில் அவர் இந்தச் சட்டத்தையே மீறிக்கொண்டிருக்கக் கூடாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது.

லைட்டை மட்டும் பயன்படுத்துவதில் தடை எதுவும் இல்லை. உங்கள் நிலத்தில், உங்கள் பரண் மேலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் டார்ச் அடித்து, தகரம் தட்டி விரட்டுங்கள். மின்னி மின்னி எரியும் சோலார் விளக்கு வைக்கிறார்கள். பன்றிக்குக் கண்ணைவிட மூக்குதான் எல்லாம், ஒரே இடத்தில் ஒரே மாதிரி மின்னினால் நாலு நாளில் பழகிவிடும். இடத்தையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் பலன் உண்டு. சரணாலயத்துக்குள் மட்டும் வெளிச்சத்துக்கும் எச்சரிக்கை வேண்டும். அங்கே விலங்கைச் சீண்டுவதே 27வது பிரிவில் தடை. மசினகுடி, வால்பாறைப் பக்கம் 'நைட் சஃபாரி' என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் யானை முகத்தில் லைட் அடிக்கிறவர்கள் துப்பாக்கி இல்லை என்பதால் தப்பிவிடுவதில்லை.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: லைட் வேண்டாம், துப்பாக்கி வேண்டாம், கம்பியில் கரண்ட் விட்டால் யாருக்கும் தெரியாது என்று யாராவது யோசனை சொல்வார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டத்தில் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் 3 யானைகள் செத்தன. பன்றிக்கு வைத்தது பன்றிக்கு மட்டும் வேலை செய்யாது. அவுட்டுக்காயும் (தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடி) சுருக்குக் கம்பியும் அதே ரகம். முறையான சூரிய மின்வேலி வேண்டுமானால் 2023ல் வந்த தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி பதிவு செய்து போட்டுக்கொள்ளலாம்.

நாளைக்கே செய்ய வேண்டியது: தின்று சாய்த்த பயிரையும் காலடித் தடத்தையும் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் அலுவலரிடமும் சேதத்தைக் காட்டி, வனச்சரகர் அலுவலகத்தில் இழப்பீட்டு மனுவையும் பன்றியை அகற்றக் கோரும் மனுவையும் தனித்தனியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இரண்டாவது மனுவில் சர்வே எண்ணோடு காப்புக்காட்டு எல்லையிலிருந்து உங்கள் நிலம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுதுங்கள். பிடிப்பதா, சுடுவதா, ஒன்றும் செய்ய முடியாதா என்பதை அந்தத் தூரம்தான் முடிவு செய்யும்.